ஃபார்மட் செய்யச் சொல்கிறார்களா? சற்றுப் பொறுங்கள்!

வீட்டுக் கணினி அடிக்கடி உறைகிறது, நீலத்திரை காட்டுகிறது என்றால் கடையில் சொல்லும் முதல் வார்த்தை 'ஃபார்மட்'. பிரதி எடுக்காமல் செய்தால் நிகாஹ் படங்கள் முதல் பிள்ளைகளின் பாடக்குறிப்பு வரை போய்விடும். பல நேரங்களில் கெட்டிருப்பது விண்டோஸின் சில சிஸ்டம் கோப்புகள் மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலே அப்படி ஆகலாம்.

ஸ்டார்ட்டில் 'சிஎம்டி' எனத் தேடி, கமாண்ட் ப்ராம்ப்ட்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' மூலம் திறப்போம். எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோடு, அதோடு ஒட்டி ஸ்கேன்நவ் (நடுவில் இரண்டு 'என்') என ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துவோம். 100 சதவீதம் வரும்வரை மூடக் கூடாது. கெட்ட கோப்புகளுக்குப் பதிலாக, விண்டோஸ் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் நல்ல பிரதிகளைப் போட்டுக்கொள்ளும். நம் படங்களைத் தொடாது.

சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று வந்தால், அந்தப் பிரதிகளும் கெட்டிருக்கலாம். விண்டோஸ் 10, 11-இல் இணையத்தை இணைத்துக்கொண்டு 'டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த்' கட்டளையை ஆங்கிலத்தில் கொடுத்தால் நல்ல கோப்புகளை மைக்ரோசாஃப்டிடமிருந்தே இறக்கிக்கொள்ளும். பின்பு முதல் கட்டளையை மறுபடி ஓட்டவேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் 'டக் டக்' சத்தம் கேட்டால் இதெல்லாம் வேண்டாம். அது கோப்புக் கோளாறு அல்ல; முதலில் படங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.