தொண்டை நனைந்ததும் தாகம் தணிவது ஏன்?

கீரமங்கலத்திலிருந்து பூச்சாகுபடி செய்யும் அன்பர் ஒருவர் எழுதிய கடிதம் என் மேஜையில் இருக்கிறது. முல்லைத் தோட்டத்தில் காலை முழுவதும் நின்றுவிட்டு வந்து ஓர் இளநீரை வெட்டிக் குடித்தால், காய் காலியாகுமுன்பே தாகம் அடங்கிவிடுகிறதே, குடித்த நீர் ரத்தத்தில் சேருமுன் இது எப்படிச் சாத்தியம் என்று அவர் கேட்கிறார். 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த பின்னர், கோடை பிறந்ததும் பிறவாததுமாக, நாளொன்றுக்கு இத்தனை டம்ளர் தண்ணீர் என்று ஆளைப் பார்க்காமலே அளந்து கொடுக்கும் உபதேசங்களைப் படித்துப் படித்துச் சலித்திருந்த எனக்கு, இந்த ஒரு கேள்வி அந்த இளநீரைப் போலவே இதமாக இருந்தது.

வியர்வையாக நீர் வெளியேற வெளியேற ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுகிறது. மூளையின் அடித்தளத்தில், ரத்தத்தை நேராக ருசி பார்க்கும்படி காவல் தளர்த்தப்பட்டிருக்கும் சில மூலைகளில் உள்ள நரம்பணுக்கள், தம்மிடமிருந்த நீரை இழந்து சுருங்குகின்றன. அந்தச் சுருக்கமே சமிக்ஞை. செறிவு நூற்றுக்கு ஒரு பங்கு ஏறினாலே போதும், பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதி வாசோபிரெசின் என்னும் ஹார்மோனை விடுவிக்கிறது. சிறுநீரகங்கள் தினமும் சுமார் 180 லிட்டர் நீரை வடித்தெடுத்து, ஏறக்குறைய அவ்வளவையும் திரும்ப ரத்தத்துக்கே கொடுத்துவிடுகின்றன என்பது பள்ளிப் பாடம். கடைசிப் பங்கு மீட்கப்படுமா, வெளியேறுமா என்பதை இந்த ஹார்மோனே நிர்ணயிக்கிறது: அது வந்தால் குழாய்ச் சுவரில் அக்குவாபோரின் என்னும் நுண்ணிய மதகுகள் வந்து பொருந்த, நாள் முழுவதற்குமான சிறுநீர் அரை லிட்டராகச் சுண்டுகிறது, அது அறவே இல்லாத நோயாளிக்கோ பதினைந்து லிட்டர்கூடப் போவதுண்டு.

சரித்திரத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குவது சம்பிரதாயம். உடலின் உட்சூழல் மாறாதிருப்பதே சுதந்திர வாழ்வுக்கு ஆதாரம் என்று 19-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் கிளாட் பெர்னார் சொன்னார். அதற்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் சூட்டிய அமெரிக்கர் வால்டர் கானன் 1932-இல் ஒரு புஸ்தகம் எழுதினார். நமக்கு வேண்டியது பெர்னாரின் குதிரைதான். அதன் உணவுக்குழாயில் அவர் துளையிட்டுவிட்டதால், குடித்த நீரெல்லாம் வெளியே கொட்ட, அப்பிராணி குடித்துக் களைத்து, சற்றே ஓய்ந்து, மறுபடியும் குடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஓய்வும், ஓய்வுக்குப் பின் திரும்பிய தாகமும் அன்பரின் கேள்விக்குப் பாதி விடை.

மீதிப் பாதியைக் கீரமங்கலத்துப் பூ கமிஷன் கடையிலேயே காணலாம். மூட்டை தராசில் ஏறிய பிறகுதான் கடைக்காரர் விலையை யோசிப்பார் என்று நினைப்பது தவறு. விடியுமுன்பே தோட்டத்திலிருந்து போன் வந்துவிடும். இன்று பூ நிறைய இருக்கிறது என்று கேட்ட மாத்திரத்தில் அவர் விலையை இறக்கிவிடுவார். மூட்டைகள் வந்திறங்கியதும் தராசு அந்தச் செய்தியைச் சரிபார்க்கும். வாயும் தொண்டையும் விழுங்கும் மிடறுகளை எண்ணி அனுப்பும் செய்தியே அந்த போன். அது கிடைத்ததும் மூளையின் தாக அணுக்கள் ஒரு நிமிஷத்துக்குள்ளாகவே அடங்கத் தொடங்குகின்றன, வாசோபிரெசினும் இறங்குகிறது, ரத்தமோ இன்னும் பத்து நிமிஷமாவது பழைய உப்போடுதான் ஓடுகிறது. தராசு வயிற்றிலும் குடலிலும் இருக்கிறது. கலிபோர்னியாவில் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனையில், உப்பு நீரைக் குடித்த எலியின் தாக அணுக்கள் முதலில் ஏமாந்து அடங்கின. ஆனால் உள்ளே வந்தது உப்பு என்ற செய்தி குடலிலிருந்து எட்டிய சற்று நேரத்தில் மீண்டும் கிளர்ந்தெழுந்தன. போனில் முல்லை என்று சொல்லிவிட்டு மூட்டைக்குள் இலையை அடைத்து அனுப்பியவனின் கணக்கு இப்படித்தான் முறியும். உவமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும் என்று தெரிந்தும் ஒன்று சொல்லிவைக்கிறேன்: விலை விழுந்தாலும் முல்லைக்கொடி பூப்பதை நிறுத்துவதில்லை, உடலோ தாகம் தணிந்தால் கையிலிருக்கும் சொம்பைக் கீழே வைத்துவிடுகிறது. சந்தையில் இல்லாத இந்த நாகரிகத்தால்தான், ரத்தம் நனைவதற்குக் காத்திருந்து வயிறு வெடிக்கும்வரை நாம் குடிப்பதில்லை.

ஆகையால், மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கூவும் கைப்பேசிச் செயலிகளும், நச்சு நீக்கும் நீர் என்று வண்ணப் புட்டியில் அடைத்து விற்கும் சரக்கும், ஆரோக்கியமான நடுவயதுக்காரருக்கு அநேகமாக அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். இளநீர் நல்ல பானந்தான். ஆயினும் அதில் பொட்டாசியம் மிகுதி, வியர்வையோடு போகும் சோடியம் கொஞ்சம். பகலெல்லாம் வெயிலில் உழைப்பவர் பழைய சோற்று நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடிப்பதை எந்த விளம்பரமும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்பர் தம் கடிதத்தின் ஓரத்தில், தம்மோடு கூடவே பூப்பறிக்கும் எழுபது வயதுத் தாயார் மட்டும் தாகமே இல்லை என்று சொம்பைத் தள்ளிவிடுகிறார் என்றும் குறித்திருக்கிறார். முதுமையில் தாக உணர்ச்சி மழுங்குகிறது. நீர் குறைந்தாலும் மூளையிலிருந்து அழைப்பு மங்கலாகவே வருகிறது. சிறுநீரகமும் முன்போல நீரைச் சேமிப்பதில்லை. அந்த அம்மாளிடம் தாகமா என்று கேட்காமல், இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ நீரைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தாலொழிய, சொம்பை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.