ஓட்டாத பைக்கில் பேட்டரி மட்டும் தீர்ந்துபோவது ஏன்?

“போன மாசம் வரைக்கும் நல்லா ஓடின வண்டிங்க. இப்ப செல்ஃப் எடுக்க மாட்டேங்குது!” பைக் மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன புகார் இது. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கி, வண்டிகள் வாரக்கணக்கில் வாசலிலேயே நின்றபோது பலரும் ஒரே நேரத்தில் இதைச் சந்தித்தார்கள்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில்லை ஒட்டியிருக்கும் இரும்பை போன்ற ஊர்களில் இதற்கு ஊரடங்கு தேவையில்லை. வீட்டில் ஒருவர் வேலைக்காக வெளியூரோ வெளிநாடோ போய்விட்டால், அவர் வண்டி மாதக்கணக்கில் நிற்கும். ராத்திரியில் அவசரமாகப் புதுச்சேரிக்கோ திண்டிவனத்துக்கோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரத்தில், பட்டனை அழுத்தினால் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும் வந்தால் என்ன செய்வது?

சும்மா இருந்தாலும் குறையும்

பெரும்பாலான பைக்குகளில் இருப்பது 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி. உள்ளே ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் இருக்கின்றன. வயரையே கழற்றி வைத்தாலும் இவற்றுக்கிடையே வேதிவினை மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில் மாதத்துக்குச் சுமார் 3 முதல் 5 சதவீதம் சார்ஜ் இப்படிக் குறையும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கோடையில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வண்டியின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

சாவியை எடுத்த பிறகும் செலவு

டிஜிட்டல் கடிகாரம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியூ, திருட்டு அலாரம், ஜிபிஎஸ் கருவி போன்றவை சாவியை எடுத்த பிறகும் கொஞ்சம் மின்சாரம் இழுக்கும். மொத்தமாக 10 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 0.24 ஆம்பியர்-மணி. சின்ன பைக்கின் 5 ஆம்பியர்-மணி பேட்டரி இருபதே நாளில் காலி! செல்ஃப் மோட்டார் அதற்கு முன்பே கைவிட்டுவிடும்.

சார்ஜ் போட்டால் சரியாகிவிடுமா?

சீக்கிரம் கவனித்தால் சரியாகும். சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்டால், தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியான படிகமாகப் படிந்துவிடும். ‘சல்பேஷன்’ எனப்படும் இது முற்றினால், எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய சக்தி வராது. புது பேட்டரிதான் வழி.

“கிக்கர் இருக்கே, அப்புறம் என்ன?” என்று தோன்றலாம். கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் அது உதவும். 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 விதி வந்த பிறகு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பரவலானது. இந்த வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கும் இசியூவுக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி முழுசாகச் செத்துவிட்டால், கிக்கர் இருந்தாலும் தள்ளிப் பார்த்தாலும் வண்டி கிளம்புவது கஷ்டம்.

என்ன செய்யலாம்?

• வாரம் ஒருமுறை 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ரெண்டு நிமிஷம் ‘ஆன்’ செய்து அணைத்தால், ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜ்கூடத் திரும்பாமல் போகலாம்.

• ஒரு மாதத்துக்கு மேல் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்றால், நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

• சில மணி நேரம் நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி.

• கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜர் வேண்டாம். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர்.

• மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்கள். சீல் செய்த பேட்டரியைத் திறக்கவே கூடாது.

முழுசாகச் சார்ஜ் போட்டு, தினமும் ஓட்டியும் பேட்டரி இறங்குகிறதா? அப்போது கோளாறு சார்ஜிங் சர்க்யூட்டில் இருக்கலாம். புது பேட்டரி வாங்கும் முன் மெக்கானிக்கிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழையதைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். அதிலுள்ள ஈயம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் விஷம்.