கேழ்வரகு, கம்பு பிஸ்கட்: குறைகளும் நிவர்த்தியும்

உங்கள் வயலில் விளையும் கேழ்வரகு, கம்பில் ஒரு பகுதியை மாவாக்கி வீட்டிலேயே பிஸ்கட் செய்தால் குழந்தைகளுக்குச் சத்தான தின்பண்டம் கிடைக்கும். சந்தையில் விற்றால் கூடுதல் வருவாயும் வரும். ஆனால், மாவைவிட வெண்ணெயின் விலை அதிகம். ஓர் ஈடு கெட்டாலும் கைப்பணம் வீணாகும். எனவே குறைகளின் காரணத்தை அறிந்துகொள்வது அவசியம்.

அளவும் செய்முறையும்

கேழ்வரகு அல்லது கம்பு மாவு 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 90 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்கு குழைத்து, சலித்த மாவுகளைச் சேர்த்து, இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் விட்டுத் திரட்டவும். அரை செ.மீ. கனத்தில் தட்டி வெட்டி, 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம் சுடவும்.

உதிர்ந்து போதல்

கோதுமையில் மாவைப் பிணைக்கும் குளுட்டன் என்னும் பசைப்பொருள் உண்டு. கேழ்வரகிலும் கம்பிலும் அது இல்லை. ஆகவே சரிபாதி கோதுமை மாவு சேர்க்க வேண்டும். சூட்டோடு தட்டிலிருந்து எடுத்தாலும் உடையும். பத்து நிமிடம் ஆறவிட்டு எடுக்கவும்.

பரந்து ஒட்டிக்கொள்ளுதல்

வெண்ணெய் உருகியிருந்தாலும், சர்க்கரை மிகுந்தாலும் பிஸ்கட் பரந்துவிடும். நம் ஊர் வெயிலில் இது சாதாரணம். வெட்டிய துண்டுகளைத் தட்டோடு அரைமணி நேரம் குளிர்ந்த இடத்தில் வைத்துப் பின் சுடவும். முதல் ஈடு எடுத்த சூடான தட்டில் அடுத்த ஈட்டை அடுக்கக் கூடாது.

கல்போல் கடினமாதல்

கேழ்வரகு மாவு இயல்பாகவே கருஞ்சிவப்பு நிறம். நிறத்தைப் பார்த்துப் பதம் அறிய இயலாது. வேகும்போது பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும். ஆறிய பிறகே மொறுமொறுப்பாகும். ஓரம் கெட்டியாகி வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும். சப்பாத்தி மாவுபோல் அழுத்திப் பிசைவதும் கடினத்திற்குக் காரணம்.

அடி கருகுதல்

அடுப்பில் வாணலி வைத்துச் சுடுவோர், அடியில் ஓர் அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் தாங்கி வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றிய பின் தட்டை வைக்கவும். தணல் மிதமாக இருக்கட்டும். மெல்லிய தட்டானால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம்.

கசப்பும் சிக்கு வாடையும்

கம்பில் கொழுப்புச் சத்து சுமார் 5 சதம் உள்ளது. அரைத்தவுடன் தானியத்திலுள்ள நொதிகள் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கும். ஆதலால் பழைய மாவு கசக்கும். தேவைக்கு மட்டும் அரைத்து, சில நாட்களுக்குள் பயன்படுத்தவும். தானியத்தைக் கொதிநீரில் சில விநாடிகள் அமிழ்த்தி எடுத்து, நன்கு உலர்த்தி அரைத்தால் மாவு கூடுதல் நாள் தாங்கும். சோப்புச் சுவை இருந்தால் சமையல் சோடா மிகுந்துவிட்டது எனக் கொள்க.

நமுத்துப் போதல்

முற்றிலும் ஆறிய பின்னரே காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கவும்.

விற்க விரும்புவோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். முதலில் சிறு ஈடாகச் செய்து, ஒரு முறைக்கு ஓர் அளவை மட்டும் மாற்றிப் பாருங்கள். குறை எதனால் வந்தது என்பது தெளிவாக விளங்கும்.