வீடே ஓவியம்

பலகையில் வரைந்தது போதாதென்று, குடியிருக்கும் வீட்டையே ஓவியமாக்கிய ஒருவரைத் தெரியுமா உங்களுக்கு? கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வாழ்ந்த மோட் லூயிஸ்தாங்க அவர்! ஒற்றை அறை, மின்சாரம் கிடையாது, மூட்டுவாதத்தால் மடங்கிப்போன விரல்கள். ஆனாலும் சுவர், கதவு, ஜன்னல் கண்ணாடி, ஏன், விறகடுப்பு வரைக்கும் பூக்களும் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும்தான்! அவர் வரைந்த எருதுகளுக்கு நீள நீளமாகக் கண்ணிமை முடி வேறு. அப்படி ஒரு மாட்டை எந்தத் தொழுவத்திலும் பார்க்க முடியாது, அதுதான் அழகே! சாலையில் போனவர்கள் சில டாலர் கொடுத்து அந்தப் படங்களை வாங்கிப்போனார்கள். மோட் 1970இல் காலமானார். அவருடைய அந்தக் குட்டி வீட்டை, ஹாலிஃபாக்ஸ் நகர ஓவியக் கூடத்துக்குள்ளேயே முழுசாகக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்!