விரைவும் ஆறுதலும்

கொழும்பு மாளிகாவத்தையிலே சிறுநீரக நோயாளருக்கெனத் தேசிய வைத்தியசாலையொன்று உண்டு. சிறுநீரகங்களைப் பழுதாக்கும் காரணங்களுள் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் முதன்மையானவை. இவை இருதயத்தையும் விட்டுவைப்பதில்லை. நாட்டின் ஏழு மாகாணங்களில் நிகழ்ந்து 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றின்படி, கிராமத்தவருள் நூற்றுக்கு 8.7 பேருக்கே நீரிழிவு இருக்க, நகரத்தவருள் 16.4 பேருக்கு அது காணப்பட்டது. எனவே, அவ்வைத்தியசாலையைச் சூழ்ந்த தொடர்மாடிகளிலே வாழும் பெண்கள், நோய் அணுகுமுன் செய்யத்தக்கது யாது என்பது சிந்தித்தற்குரியது.

“வீட்டு வேலையே போதிய உடற்பயிற்சியன்றோ?” எனப் பலர் வினவுவர். வீட்டு வேலை உடலைக் களைப்படையச் செய்யும். ஆயின் இருதயத்தை விரைந்து துடிக்கச் செய்வது அரிது. பயிற்சியின் நீளம் மட்டுமன்றி, அதன் கடுமையும் பயன் தருகின்றது. அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் பருத்த உடலினரான 27 பெண்களை 16 வாரங்கள் ஆராய்ந்து, 2008இல் முடிவை வெளியிட்டனர். செலவிட்ட சக்தி ஒன்றேயாயினும், கடுமையாகப் பயின்றவர்க்கே வயிற்றின் உள்ளே உறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்புத் தெளிவாகக் குறைந்தது. நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வித்தாவது அக்கொழுப்பே.

பருத்த உடலினர் நெடுநேரம் கடுமையாகப் பயிலுதல் எங்ஙனம்? இதற்கு விடையாக அமைவதே இடைவெளிப் பயிற்சி. சிறிது நேரம் விரைவு, சிறிது நேரம் ஆறுதல், மீண்டும் விரைவு. 1930களில் ஜெர்மனியிலே ஓட்டவீரர்களுக்கென வளர்க்கப்பட்ட இம்முறை, பிற்காலத்தில் நோயாளருக்கும் பயன்படலாயிற்று. விரையும்போது தசைகள் குருதியிலுள்ள சீனியை மிகுதியாக உட்கொள்கின்றன. இன்சுலினுக்கு அவை இணங்கும் தன்மையும் பெருகி, ஓரிரு நாள் நீடிக்கின்றது. ஆறும்போது மூச்சுச் சீரடைந்து, அடுத்த முயற்சிக்கு வலுப் பிறக்கின்றது.

நோர்வே நாட்டிலே நடந்து, 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஒரு சாரார் இடைவெளிவிட்டுக் கடுமையாகவும், மறுசாரார் மிதமாக இடைவிடாதும் பயின்றனர். உடல் நிறை இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவே குறைந்தது. ஆயினும் ஒட்சிசனைப் பயன்படுத்தும் ஆற்றல், முதற் சாராருக்கு நூற்றுக்கு 35 பங்கும் மறுசாராருக்கு 16 பங்கும் உயர்ந்தது. ஆகவே, தராசின் முள் அசையவில்லையென்று மனஞ்சோர்ந்து பயிற்சியைக் கைவிடுதல் தவறு. தராசு காட்டாத நன்மை இருதயத்திலும் குருதிக் குழாய்களிலும் விளைந்துகொண்டிருக்கும்.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. ஜப்பானிலே நடுவயதினரும் முதியோரும் மூன்று நிமிடம் விரைந்தும், மூன்று நிமிடம் மெல்லவும் நடந்தனர். இவ்வாறு ஐந்து முறை, வாரத்தில் நான்கு நாள், ஐந்து மாதம் பயின்றனர். மிதமாகவே நடந்தவரைக்காட்டிலும் இவர்தம் கால்வலு கூடுதலாக உயர்ந்தது. இரத்த அழுத்தமும் கூடுதலாகத் தணிந்தது. மாளிகாவத்தைப் பெண்களுக்குப் பி. டி. சிறிசேன மைதானத்தின் ஓரமோ, தொடர்மாடியின் நடைபாதையோ போதும்.

விரைவு என்பது அவரவர்க்கு உரிய அளவினது. இரண்டொரு சொல்லுக்கு மேல் தொடர்ந்து பேச இயலாதபடி மூச்சு வாங்குமாயின், அதுவே அவருக்கு விரைவு. அயல்வீட்டாரின் வேகம் அளவுகோலாகாது. புதிதாகத் தொடங்குவோர் சில வாரங்கள் சாதாரணமாக நடந்து பழகிய பின்னர், ஒரு நிமிட விரைவோடு தொடங்கலாம். இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், மூட்டுவலி ஆகியன உடையோரும், நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோரும், கருவுற்றோரும் முன்னதாக வைத்தியரைக் கலந்துகொள்ளுதல் இன்றியமையாதது. நெஞ்சுவலியோ தலைச்சுற்றோ தோன்றின், உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடல் வேண்டும்.

குடும்பத்தார் அனைவருக்கும் நேரம் ஒதுக்கும் இல்லத்தரசிக்கு, அவர்தம் இருதயத்திற்கென அரைமணி நேரத்தை ஒதுக்கிக் கொடுப்பது வீட்டாரின் கடமையாகும்.