பெயர் சொல்லாத துப்பறிவாளர்

பாடப்புத்தகத்துக்குள் துப்பறியும் நாவலை ஒளித்துவைத்துப் படிக்கும் மாணவரை நம்மில் பலர் பார்த்திருப்போம். நாவலைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் போடுவதுதான் வழக்கம். அதற்கு முன் அந்த வகை எழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம். நூறாண்டுக்கு முந்தைய ஓர் அமெரிக்கக் கதைமாந்தர் இதற்குப் பொருத்தமானவர். அவருக்குப் பெயர் கிடையாது.

மரக்கூழில் செய்த மலிவுக் காகிதத்தில் அச்சானதால் 'பல்ப்' இதழ்கள் என்ற பெயர் வந்தது. நாம் சாணித்தாள் என்போமே, ஏறத்தாழ அதுதான். அவற்றுள் ஒன்றான 'பிளாக் மாஸ்க்' 1920இல் தொடங்கியது. 1923 அக்டோபரில் அதில் பீட்டர் காலின்சன் என்பவரின் கதை ஒன்று வந்தது. எழுதியவர் உண்மையில் டாஷியல் ஹாமெட். அக்காலக் கொச்சை வழக்கில் 'பீட்டர் காலின்ஸ்' என்றால் ஊர் பேர் இல்லாத ஆள் என்று பொருள். காலின்சன் அப்படிப்பட்ட ஆளின் மகன்! கதை சொல்பவரோ கான்டினென்டல் என்ற துப்பறியும் நிறுவனத்தின் சான் பிரான்சிஸ்கோ கிளை ஊழியர். கடைசிவரை அவர் தன் பெயரைச் சொல்வதில்லை. வாசகர்கள் 'கான்டினென்டல் ஆப்' என்று அழைத்தார்கள். 'ஆப்' என்றால் களப்பணியாளர்.

குள்ளம், பருமன், வயது நாற்பதை ஒட்டி. அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். குடும்பம் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அவர் பையில் வேறு பெயர்களில் அடையாள அட்டைகள் இருக்கும். 1929இல் நூலாக வந்த 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவலில் ஒரு தொழிற்சங்கத் தலைவரிடம் சங்க உறுப்பினர் அட்டையை நீட்டித் தன்னைக் கப்பல் தொழிலாளியாகக் காட்டிக்கொள்கிறார். அட்டையில் இருந்தது எதுவும் உண்மையில்லை என்பதை நம்மிடம் மட்டும் சொல்லிவிடுகிறார்.

இது வெறும் கற்பனை இல்லை. இளம் வயதிலேயே பள்ளியை விட்ட ஹாமெட், 1915இல் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். ஆலை, சுரங்க முதலாளிகளுக்காகத் தொழிற்சங்கங்களுக்குள் ஆட்களை நுழைத்து உளவு பார்த்த நிறுவனம் அது. பின்னர் காசநோய் வாட்டியதால் வேலையை விட்டு எழுத வந்தார்.

'ரெட் ஹார்வெஸ்ட்' கதையும் ஒரு சுரங்க நகரத்தில்தான் நடக்கிறது. வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளி ரவுடிகளை வரவழைக்கிறார். வேலைநிறுத்தம் உடைகிறது, ரவுடிகள் போகவில்லை, நகரமே அவர்கள் கைக்குள் போய்விடுகிறது. நம்மவர் ஒரு கும்பலிடம் இன்னொன்றைப் பற்றிக் கோள் சொல்லி மோதவிடுகிறார். பிணங்கள் விழுகின்றன. ஒரு கட்டத்தில் இந்தக் கொலைகள் தனக்குப் பிடிக்கத் தொடங்கிவிட்டனவோ என்று அவருக்கே பயம் வருகிறது. போதை மருந்து குடித்து உறங்கி எழும்போது அருகில் ஒரு பெண் குத்தப்பட்டுக் கிடக்கிறாள். செய்தது தானா என்பது அவருக்கே தெரியாது. கடந்தகாலம் தெரியாத ஒருவரை இவ்வளவு நேரம் நம்பி வந்தோமே என்று வாசகர் திடுக்கிடும் இடம் இது. நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஹாமெட்டும் பின்னாளில் பெயர் சொல்லாமல் இருந்தார். 1951இல் ஒரு பிணை நிதிக்குப் பணம் தந்தவர்களின் பெயர்களை நீதிமன்றத்தில் சொல்ல மறுத்ததால் சிறை சென்றார்.

இந்தக் கதைகளை அப்படியே மாணவர் கையில் கொடுக்க முடியாது. வன்முறை அதிகம். சான் பிரான்சிஸ்கோ சீனர்களைப் பற்றிய சில கதைகளில் இன இழிவுச் சொற்களும் உண்டு. எடுத்துக்கொள்ளத் தக்கது அவற்றின் உத்தி. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தன்மையில் பேசும் ஒருவர்; பெயர், ஊர், தொழில், வயது எதையும் நேரடியாகச் சொல்லக்கூடாது. அடுத்த வரிசை மாணவர் படித்து, ஆள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊகம் எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று அடிக்கோடிட்டுக் காட்டினால்தான் மதிப்பெண். படித்ததைப் புரிந்துகொள்ளும் திறனுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

தொடக்க வகுப்புக்குப் பொருள்களே போதும். பேருந்துப் பயணச்சீட்டு, மாத்திரை அட்டை, நூல்கண்டு, பழைய சாவி நான்கையும் மேசையில் வைத்து, இந்தப் பை யாருடையது என்று கேளுங்கள். 'பாட்டி' என்று ஒரு குழந்தை சொன்னால், 'எப்படித் தெரியும்?' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். 'தாத்தாவாக ஏன் இருக்கக் கூடாது?' என்று இன்னொரு குழந்தை கேட்டுவிட்டால், அந்தப் பாடவேளை முழுவதையும் அதற்கே விட்டுவிடலாம்.