லினக்சில் வரைகலை அட்டைகளும் இயக்கி ஆதரவும்

கிராபிக்ஸ் கார்டு எனப் பரவலாக அறியப்படும் வரைகலை அட்டை, கணினித் திரையில் தோன்றும் படங்களைக் கணித்து உருவாக்கும் வன்பொருள் ஆகும். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓர் அட்டை எவ்வளவு நன்றாக, எத்தனை ஆண்டுகள் இயங்கும் என்பது அதன் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. அதற்குரிய இயக்கி மென்பொருளின் மூலநிரல் திறந்துள்ளதா, அதனைப் பேணுபவர் யார் என்பவையும் அதனைத் தீர்மானிக்கின்றன. எனவே லினக்ஸ் பயனர்களிடையே அட்டைத் தெரிவு என்பது பெரும்பாலும் இயக்கித் தெரிவாகவே அமைகிறது.

தனிமேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் உள்ள வரைகலைச் சில்லுகளில் பெரும்பாலானவற்றை இன்டெல், ஏஎம்டி, என்விடியா ஆகிய மூன்று நிறுவனங்கள் வடிவமைக்கின்றன. ஆசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ போன்ற நிறுவனங்கள் இச்சில்லுகளை வாங்கி அட்டைகளாக விற்கின்றன. லினக்ஸ் ஆதரவைப் பொறுத்தவரை, அட்டையின் மீதுள்ள விற்பனைப் பெயரைவிட உள்ளிருக்கும் சில்லே முதன்மையானது.

இயக்கியின் அமைப்பு

லினக்சில் வரைகலை இயக்கி இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி கெர்னல் எனப்படும் கருனிக்குள் இயங்குகிறது. நினைவகத்தைப் பங்கிடுதல், திரையின் பிரிதிறனை அமைத்தல் முதலியன இதன் பணிகள். இரண்டாவது பகுதி பயனர் வெளியில் இயங்கி, ஓப்பன்ஜிஎல், வல்கன் ஆகிய இடைமுகங்களை விளையாட்டுகளுக்கும் பிற செயலிகளுக்கும் வழங்குகிறது. திறந்த மூல இயக்கிகளில் இப்பகுதியை மேசா என்னும் திட்டம் அளிக்கிறது. இத்திட்டத்தை பிரையன் பால் 1993 ஆம் ஆண்டு தொடங்கினார். இவ்விரு பகுதிகளைத் தவிர, சில்லுக்குள்ளேயே ஏற்றப்படும் நிலைபொருளும் தற்கால அட்டைகள் அனைத்துக்கும் தேவைப்படுகிறது.

லினக்ஸ் கருனியின் உள் இடைமுகங்கள் நிலையானவை அல்ல. ஒவ்வொரு பதிப்பிலும் அவை மாறக்கூடும். கருனியின் மூலநிரலோடு சேர்ந்துள்ள இயக்கிகளை, அம்மாற்றத்தைச் செய்பவரே உடன் திருத்திவிடுவது வழக்கம். கருனிக்கு வெளியே வழங்கப்படும் இயக்கியை அதன் உரிமையாளரே திருத்த வேண்டும். அவர் திருத்துவதை நிறுத்தினால், புதிய கருனியில் அவ்வியக்கியை நிறுவ முடியாமற் போகும். மூடிய இயக்கி, திறந்த இயக்கி என்ற வேறுபாடு அன்றாடப் பயனரைத் தொடும் இடம் இதுவே.

இன்டெல்

இன்டெல் தனது ஒருங்கிணைந்த வரைகலைச் சில்லுகளுக்குத் திறந்த மூல இயக்கியையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இது கருனியிலேயே உள்ளதால் தனியாக நிறுவ வேண்டியதில்லை. எனினும் 2008 இல் ஆட்டம் செயலிகளோடு வெளிவந்த ஜிஎம்ஏ 500 என்னும் சில்லு இதற்கு விலக்காகும். அதன் வரைகலைப் பகுதி இன்டெலின் சொந்த வடிவமைப்பு அன்று. பவர்விஆர் தொழில்நுட்பத்தை உரிமம் பெற்றுப் பயன்படுத்தியது. கருனியில் பின்னர் சேர்க்கப்பட்ட திறந்த இயக்கி திரையை இயக்கியதே அன்றி முப்பரிமாண வரைகலையை அளிக்கவில்லை. நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்குவது போதாது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

2022 இல் இன்டெல் ஆர்க் என்னும் தனி அட்டைகளை வெளியிட்டது. புதிய சில்லுகளுக்கான எக்ஸ்இ என்னும் இயக்கி 2024 இல் வெளியான லினக்ஸ் 6.8 இல் சேர்ந்தது.

ஏஎம்டி

ரேடியான் அட்டைகளைத் தயாரித்து வந்த ஏடிஐ நிறுவனத்தை ஏஎம்டி 2006 இல் வாங்கியது. அக்காலத்தில் இவ்வட்டைகளுக்கு எஃப்ஜிஎல்ஆர்எக்ஸ் என்னும் மூடிய இயக்கி வழங்கப்பட்டு வந்தது. 2007 செப்டம்பரில் திறந்த மூல இயக்கிக்கு ஆதரவளிப்பதாக அறிவித்த ஏஎம்டி, சில்லுகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. 2015 இல் லினக்ஸ் 4.2 இல் ஏஎம்டிஜிபியு என்னும் திறந்த இயக்கி சேர்க்கப்பட்டது.

வல்கன் இடைமுகத்துக்கான ராட்வி என்னும் இயக்கி, ஏஎம்டியின் ஊழியர் அல்லாத நிரலாளர்களால் 2016 இல் தொடங்கப்பட்டது. ஏஎம்டி 2017 இல் தனது சொந்த வல்கன் இயக்கியின் மூலநிரலைத் திறந்தது. எனினும் பயனர்களிடையே ராட்வியே பரவியது. 2025 இல் ஏஎம்டி தனது திட்டத்தைக் கைவிட்டு ராட்விக்கு ஆதரவளிப்பதாக அறிவித்தது.

மூலநிரல் திறந்திருப்பது எல்லாத் தடைகளையும் நீக்கிவிடுவதில்லை. எச்டிஎம்ஐ 2.1 வசதிகளைத் திறந்த இயக்கியில் சேர்க்க ஏஎம்டி முன்வைத்த திட்டத்தை, அத்தரத்தைப் பேணும் அமைப்பு 2024 இல் ஏற்க மறுத்தது.

என்விடியா

என்விடியா லினக்சுக்கு மூடிய இயக்கியை வழங்கி வந்துள்ளது. விண்டோஸ் இயக்கியோடு பெரும்பகுதி நிரலைப் பகிர்ந்துகொள்வதால் இதன் வேகம் சிறப்பானது. 2007 இல் வெளியான கூடா என்னும் கணிப்புத் தளமும் இவ்வியக்கியையே சார்ந்தது.

நூவோ என்பது தன்னார்வலர்கள் என்விடியா சில்லுகளின் செயற்பாட்டைப் பின்னோக்கி ஆராய்ந்து உருவாக்கிய திறந்த இயக்கியாகும். இது 2010 இல் வெளியான லினக்ஸ் 2.6.33 இல் சேர்ந்தது. மேக்ஸ்வெல் வரிசையின் இரண்டாம் தலைமுறை முதல், என்விடியாவின் மின்னணுக் கையொப்பம் இல்லாத நிலைபொருளைச் சில்லுகள் முழுமையாக ஏற்பதில்லை. இதனால் நூவோவில் அவற்றின் கடிகார வேகத்தை உயர்த்த இயலவில்லை. 2012 இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த கேள்வி நேரத்தில், லினக்ஸ் கருனியை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவைக் கடுமையாகச் சாடியது குறிப்பிடத்தக்கது.

2022 மே மாதம் என்விடியா தனது இயக்கியின் கருனிப் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. இது டூரிங் வரிசைக்கும் அதற்குப் பிந்திய சில்லுகளுக்கும் மட்டுமே பொருந்தும். பயனர் வெளிப் பகுதி மூடியதாகவே வழங்கப்பட்டது. அதே ஆண்டில் மேசாவுக்காக என்விகே என்னும் திறந்த வல்கன் இயக்கி அறிவிக்கப்பட்டது. 2024 இல் வெளியான லினக்ஸ் 6.7 முதல், டூரிங்கிலும் பிந்திய சில்லுகளிலும் என்விடியாவின் நிலைபொருளைக் கொண்டு நூவோ கடிகார வேகத்தை உயர்த்த வழி ஏற்பட்டது.

ஆதரவு நின்ற அட்டைகள்

மூடிய இயக்கியைச் சார்ந்த அட்டைக்கு, பழுதாவதற்கு முன்னரே ஆதரவு நின்றுவிடலாம். 2009 இல் ஏஎம்டி, ஆர்300 முதல் ஆர்500 வரையான சில்லுகளை எஃப்ஜிஎல்ஆர்எக்ஸிலிருந்து நீக்கியது. அவற்றின் பயனர்களுக்குத் திறந்த ரேடியான் இயக்கி மாற்றாக அமைந்தது.

என்விடியாவின் பழைய அட்டைகளுக்கான இயக்கி வரிசைகளில் 340க்கு 2019 இலும், 390க்கு 2022 இலும், 470க்கு 2024 இலும் ஆதரவு முடிவுற்றது. மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்ட்டா சில்லுகளுக்கு 580 வரிசையே இறுதியானது. 2016 இல் வெளிவந்து பெரிதும் விற்பனையான ஜிடிஎக்ஸ் 1060 இவற்றுள் அடங்கும். இங்குள்ள சிக்கல் யாதெனில், இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்ட்டா ஆகியன நிலைபொருள் பூட்டப்பட்டவை; டூரிங்குக்கு வந்த வழி இவற்றுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே 580 வரிசையின் ஆதரவுக் காலம் முடிந்தபின், இவ்வட்டைகள் நூவோவில் தொடக்க நிலைக் குறைந்த வேகத்திலேயே இயங்க நேரிடும்.

தெரிவு செய்கையில் கருதப்படுபவை

அலுவலகப் பணி, இணைய உலாவல், காணொளி ஆகியவற்றுக்கு இன்டெல் அல்லது ஏஎம்டியின் ஒருங்கிணைந்த சில்லு போதுமானது. விளையாட்டுகளுக்கு ஏஎம்டி அட்டைகள் லினக்சில் பெரிதும் விரும்பப்படுகின்றன. 2022 இல் வெளியான ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவி ஏஎம்டி சில்லையும் லினக்சையும் கொண்டது. கூடாவைக் கோரும் இயந்திரக் கற்றல், அறிவியற் கணிப்பு ஆகிய பணிகளுக்கு என்விடியாவே பொருந்தும். ஏஎம்டியின் மாற்றான ராக்எம், எல்லா ரேடியான் அட்டைகளையும் ஆதரிப்பதில்லை.

மிகப் புதிய அட்டைகளில் வேறொரு சிக்கல் உண்டு. நீண்டகால ஆதரவுள்ள வழங்கல்கள் பழைய கருனியையும் பழைய மேசாவையும் கொண்டிருக்கக் கூடும். ஆகவே அட்டைக்குத் தேவையான கருனிப் பதிப்பு, வழங்கலின் கருனிப் பதிப்பு ஆகிய இரண்டையும் ஒப்பிட வேண்டும். நிலைபொருள் இல்லாமலும் அட்டை சரிவர இயங்காது. டெபியன் வழங்கல் 2023 இல் வெளியான 12 ஆம் பதிப்பு முதல் கட்டற்றதல்லாத நிலைபொருளையும் நிறுவல் ஊடகத்தில் சேர்த்துள்ளது. பாதுகாப்பான தொடக்கம் இயக்கப்பட்ட கணினிகளில், வெளியிலிருந்து நிறுவும் இயக்கிக் கூறுகளுக்குக் கையொப்பமிடுவது தேவைப்படலாம்.

பயன்படுத்தப்பட்ட அட்டையை வாங்குகையில் விலையோடு, சில்லின் வரிசைப் பெயரையும் அதனை ஆதரிக்கும் இறுதி இயக்கிப் பதிப்பையும் அறிந்துகொள்வது பயன் தரும். ஒரே விலையுள்ள இரு பழைய அட்டைகளில், கருனிக்குள் பேணப்படும் திறந்த இயக்கியைக் கொண்டதே கூடுதல் காலம் பயன்பட வாய்ப்புள்ளது.